நிறம் படாத சோறு

பல் துலக்கும்போது குழாயை முதலிலேயே திறந்துவிடுவது நாகலிங்கத்துக்குப் புதிதாக வந்த பழக்கம். துப்புகிற ரத்தம் தண்ணீரோடு ஓடிவிடும், பின்னால் வரிசையில் நிற்பவன் கண்ணில் படாது. அமீரகத்தின் புஜைராவில் அவன் தங்கியிருந்த லேபர் கேம்பில் அறைக்கு எட்டுப் பேர், அறுபது பேருக்கு ஆறு குழாய். ஒருவன் இரண்டு தடவை இருமினாலே மூன்றாவது இருமலுக்குள் செய்தி மெஸ் வரைக்கும் போய்விடும். ரத்தம் என்றால் கேட்கவே வேண்டாம்.

அவன் விசா முடிய இன்னும் இருபது நாள்தான் இருந்தது. புதுப்பிப்பதற்கு முன் மெடிக்கல் உண்டு. ரத்தம் எடுப்பார்கள், நெஞ்சைப் படம் பிடிப்பார்கள். போன வருடம் பக்கத்து அறைக்காரன் ஒருவனை மெடிக்கலுக்கு இரண்டாம் முறை கூப்பிட்டார்கள், கொஞ்ச நாளில் அவன் பெட்டி கட்டினான். என்ன நோய் என்று யாருக்கும் தெரியாது. தெரியாததால் ஆளுக்கொரு நோயைச் சொன்னார்கள். அடுத்த ஆள் தானாகிவிடுவோமோ என்று நாகலிங்கம் பயந்தான். பாதியில் நிற்கிற வீடு, பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்த்த மகன், வடிவு எல்லாரும் இந்த விசாவை நம்பித்தான் இருந்தார்கள்.

ஈறு மட்டும் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு, அதுவும் முடியாது, எப்படியோ சமாளித்திருப்பான். கெண்டைக்காலில் எங்கும் இடிக்காமலே நீலத் திட்டுகள் வந்திருந்தன. தொடையில் ஒவ்வொரு மயிர்க்காலிலும் ஊசி குத்தியதுபோல் சிவப்புப் புள்ளி. ஒரு மாதத்துக்கு முன் தகரம் கிழித்த முழங்கைக் காயம் இன்னும் ஆறவில்லை. இத்தனைக்கும் சேர்த்து அவன் ஒரே காரணம்தான் வைத்திருந்தான். காமாலை திரும்புகிறது, பத்தியத்தில் எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது.

பத்து மாதத்துக்கு முன் லீவில் ஊருக்குப் போன இடத்தில் அவனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கமுதிப் பக்கம் ஒரு வைத்தியர் பச்சிலை அரைத்துக் கொடுத்தார். மருந்தைவிட அவருடைய பத்தியம்தான் சுற்றுவட்டாரத்தில் பேர் போனது. உடம்புக்குள் ஏறிய மஞ்சள் இறங்குகிற வரைக்கும் வெளியிலிருந்து எந்த நிறமும் உள்ளே போகக் கூடாது என்பது அவர் கட்சி. மஞ்சள்தூள் கிடையாது, மிளகாய் கிடையாது. புளி, எண்ணெய், கீரை, காய், பழம் எதையும் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாது. வெள்ளைச் சோறு, பால், இட்லி, உப்புக் குறைத்த மோர், அவ்வளவுதான். ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், இப்படி இருந்துவிட்டு அவரிடம் போனால் தன் கையால் ஒரு துண்டு காய் ஊட்டிப் பத்தியத்தை முறித்து வைப்பார். அவர் முறிக்காமல் தானாக முறித்தால் மஞ்சள் கறுப்பாகத் திரும்பும் என்று நாகலிங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தார். அந்தப் பிடி இன்னும் அவன் மணிக்கட்டில் இருந்தது.

முப்பதாவது நாளே லீவு முடிந்துவிட்டது. மீதி நாளைக் கேம்பில் இருந்துகொள்வது, முடிந்ததும் வடிவு போய் வைத்தியரிடம் கேட்டுப் போனில் சொல்வது என்று பேச்சு. நாற்பத்தெட்டாம் நாள் வடிவு, "இன்னொரு மண்டலம் இருக்கச் சொல்லுறாருங்க" என்றாள். அது முடிந்ததும் இன்னொன்று. பிறகு இவன் கேட்பதையே விட்டுவிட்டான். அவளும் "பத்தியத்த மட்டும் விட்றாதீக" என்று சொல்லாமல் ஒரு போனையும் வைத்ததில்லை. சொன்ன சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்பதில் புருஷனும் பெண்டாட்டியும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை.

கேம்ப் மெஸ்ஸில் சோற்றோடு தினமும் ஒரு தட்டில் வெள்ளரியும் தக்காளியும் முட்டைக்கோசும் ஒரு கீற்று எலுமிச்சையும் வரும். நாகலிங்கம் அதை அப்படியே எதிரே இருக்கும் சோலைமுத்துவிடம் தள்ளிவிடுவான். சோலைமுத்து அவனோடு சாரம் கட்டும் வேலை பார்ப்பவன், பக்கத்து ஊர்க்காரன், வாயைக் கட்டிப்போட முடியாத ஆள். "மாப்ள, ஒன் தட்டப் பாத்தா சாப்பாடு மாதிரி தெரியல. சுவத்துக்கு அடிக்கக் கரைச்சு வச்ச சுண்ணாம்பு மாதிரி இருக்கு" என்பான். ரத்தம் கசியத் தொடங்கிய பிறகு நாகலிங்கம் மோரையும் நிறுத்தினான், புளிக்கிறதாம். பாலும் சோறும், காலையில் பாலில் நனைத்த குபூஸ் ரொட்டி. உடம்பு இளைக்க இளைக்க பத்தியத்தை இறுக்கினான், பத்தியம் இறுக இறுக உடம்பு இன்னும் இளைத்தது.

அந்தச் சனிக்கிழமை துறைமுகத்தை ஒட்டிய எண்ணெய் டாங்கி ஒன்றைச் சுற்றிச் சாரம் ஏறிக்கொண்டிருந்தது. ஐந்தாம் தட்டில் நின்று ஒரு பைப்பைத் தூக்கிச் சோலைமுத்துவிடம் நீட்டுகிற நேரத்தில் நாகலிங்கத்தின் முழங்கால் சொல்லாமல் கொள்ளாமல் மடங்கியது. பைப் கையை விட்டுப் போனது. அவனும் போயிருப்பான், பெல்ட்டின் கொக்கி இழுத்துப் பிடித்தது, சோலைமுத்து காலரைப் பிடித்தான். பைப் விழுந்த இடத்தில் ஒரு நிமிடத்துக்கு முன்னால்தான் இரண்டு பேர் குந்தித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் விட்டுப்போன பாட்டிலைப் பைப் நசுக்கியிருந்தது. நாகலிங்கம் ஏணியைப் பிடித்துக் கீழே இறங்கினான்.

சேஃப்டிக்காரர் திட்டக்கூட இல்லை. கிளினிக் இருக்கும் பக்கம் கையைக் காட்டினார்.

கம்பெனி கிளினிக்கில் நர்ஸ் தேவகனி இருந்தாள். உவரிக் கடற்கரைக்காரி, நாற்பதைத் தொட்டவள், லேபர் கேம்ப் ஆட்கள் சொல்கிற பொய்களை எட்டு வருடமாகக் கேட்டுப் பழகியவள். "வாயத் திறங்க அண்ணாச்சி" என்றாள். பார்த்ததும் முகம் மாறியது. கால்சட்டையை முழங்கால் வரை ஏற்றச் சொன்னாள், அந்த நீலத் திட்டுகளையும் பார்த்தாள், எழுந்துபோய் உள்ளே இருந்த சூடானி டாக்டரைக் கூட்டிவந்தாள். அவர் விரலால் ஈறை லேசாகத் தொட்டார். விரலில் ரத்தம் ஒட்டியது.

"என்ன சாப்பிடுதீங்க?" என்று தேவகனி கேட்டாள்.

"சோறு, பாலு, குபூஸு."

"காய்?"

"சாப்பிட மாட்டேன் சிஸ்டர்."

"பழம்?"

"அதுவும்தான்."

"எத்தனை நாளா?"

"பத்து மாசம்."

அவள் அதை இங்கிலீஷில் சொன்னதும் டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனை ஒரு தடவை நிதானமாகப் பார்த்தார். ரத்தம் எடுத்தார்கள். செத்தோம் என்று முடிவு கட்டிக்கொண்டு நாகலிங்கம் அறைக்கு வந்தான்.

மறுநாள் மாலை தேவகனியே கூப்பிட்டு அனுப்பினாள். "ரத்தத்துல கேன்சரு கீன்சரு ஒண்ணும் இல்ல. ஈரலும் நல்லா இருக்கு, காமாலை எப்பவோ போயிட்டு. இதுக்குப் பேரு ஸ்கர்வி. அந்தக் காலத்துல மாசக்கணக்கா காய்கறி இல்லாம கப்பல்ல போனவங்களுக்கு வரும். நீங்க கரையில இருந்துகிட்டே கப்பல்ல போயிருக்கீங்க."

நாகலிங்கம் நம்பாமல் நின்றான். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள்.

"ஒரு டாங்கி கட்டணும்னா சாரம் கட்டுறவங்க மட்டும் போதுமா அண்ணாச்சி? வெல்டர் வேணும், பெயிண்டர் வேணும், எலக்ட்ரீஷியன் வேணும். ஒருத்தன் வேலைய இன்னொருத்தன் செய்ய மாட்டான். காய்கறியும் அப்படித்தான். கொய்யா, ஆரஞ்சு, குடமொளகா இதெல்லாம் ஈறையும் காயத்தையும் பாத்துக்கிடும். கேரட்டு, பூசணி கண்ணுக்கு நல்லது. கீரை ரத்தத்துக்கு. செவப்பு, பச்சை, மஞ்சள்னு தட்டுல கலந்து இருந்தாத்தான் உடம்புல எல்லா வேலையும் நடக்கும். நீங்க அத்தனை பேரையும் கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பிட்டு வெள்ளச் சோத்த மட்டும் டூட்டிக்கு வச்சிருக்கீங்க. அது பாவம், எத்தனை வேலைதான் செய்யும்?"

ஆரஞ்சு நிறத்தில் மாத்திரைகள் கொடுத்தாள். மாத்திரையும் பழமுமாகச் சாப்பிட்டால் மூன்று நாளில் ரத்தம் நிற்கும் என்றாள். கடைசியாகக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "சனிக்கிழமை டாக்டர் திரும்பப் பாப்பாரு. ரத்தம் நின்னிருந்தா ஃபிட்டுன்னு எழுதுவாரு. நிக்கலைன்னா அன்ஃபிட். சாரத்துல தடுமாறுன ஆள அவரு வேற எப்படி எழுத முடியும்? அன்ஃபிட்டுன்னு போனா கம்பெனி விசாவுக்குப் பேப்பர் போடாது. புரியுதா?"

புரிந்தது. புரிந்துதான் அவன் மாத்திரையை வாயில் போட்டான். நாக்கில் பட்டதும் புளித்தது. வைத்தியரின் பிடி மணிக்கட்டில் இறுகியது. வெளியே வந்ததும் உள்ளங்கையில் துப்பி, துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். ரத்தம் பார்த்த மெஷின் ஆயிரம் சொல்லட்டும், பத்தியம் சொன்னவர்தான் முறிக்க வேண்டும். இப்படிப்பட்ட மனுஷனை என்ன செய்வது? படித்தவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அவனை அந்தக் காமாலையிலிருந்து எழுப்பி உட்கார வைத்தது அந்த வைத்தியர்தான் என்று அவன் முழுசாக நம்பினான், நம்பிக்கையை ஒரு மாத்திரையால் இறக்கிவிட முடியாது.

அன்றைக்கே வடிவுக்குப் போன் போட்டான். "இப்பவே வைத்தியர் வீட்டுக்குப் போ. போன அவரு கையில குடு. முறிக்கலாமா கூடாதான்னு அவரு வாயால சொல்லட்டும்."

"அவரு ஊர்ல இல்லைங்க" என்றாள்.

திங்கட்கிழமை, "காய்ச்சலாப் படுத்திருக்காராம், யாரையும் பாக்க மாட்டேங்குறாரு" என்றாள். செவ்வாய்க்கிழமை போனையே எடுக்கவில்லை. மணி அடித்து அடித்து நின்றது. தன் நோய் என்னவென்று வைத்தியருக்குத் தெரிந்துவிட்டது, அதைச் சொல்ல மனசில்லாமல்தான் ஒளிகிறார் என்று நாகலிங்கம் எடுத்துக்கொண்டான். அன்று மாலை அறைக்குள் நுழைந்தபோது தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் எட்டு டம்ளரில் ஏழுதான் இருந்தன. அவனுடையது தனியாக ஜன்னல் ஓரத்தில் இருந்தது. யார் வைத்தது என்று கேட்கிற தெம்பு அவனுக்கு இல்லை. சோலைமுத்து எழுந்துபோய் அந்த டம்ளரில் தண்ணீர் மொண்டு, எல்லாரும் பார்க்கக் குடித்துவிட்டு, மற்ற ஏழோடு சேர்த்து வைத்தான்.

புதன்கிழமை சாயங்காலம் தேவகனி மறுபடியும் வாயைத் திறக்கச் சொன்னாள். முன்பைவிட மோசம். கீழ்ப்பல் ஒன்று ஆடியது.

"மாத்திரை சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன் சிஸ்டர்."

"அண்ணாச்சி, எங்கிட்டப் பொய் சொன்னா எனக்கு ஒண்ணும் போகாது. ஒங்க பல்லுதான் போகும்."

நாகலிங்கம் சட்டைப்பையிலிருந்து மாத்திரைகளை எடுத்து மேசைமேல் வைத்தான். துப்பியதில் இரண்டு மூன்று பாதி கரைந்திருந்தன. பிறகு வைத்தியரையும் மண்டலத்தையும் கறுப்புக் காமாலையையும் ஒன்று விடாமல் சொன்னான். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் மாத்திரைகளை ஒரு காகிதத்தில் கூட்டி ஓரமாக வைத்தாள்.

"அந்த வைத்தியர் ஒங்க முன்னால இருந்து சொன்னது எத்தனை நாளு?"

"நாப்பத்தெட்டு."

"மிச்ச எட்டு மாசத்த யாரு சொன்னா?"

"எம் பொஞ்சாதி. அவர்ட்டக் கேட்டுச் சொன்னா."

"அப்ப அவள்ட்டக் கேளுங்க. இன்னைக்கே கேளுங்க. சனிக்கிழமைக்கு மூணு நாளுதான் இருக்கு."

அறையில் பேசினால் ஏழு ஜோடிக் காது. கேம்பு வாசலில் மலையாளி மூசாக்காவின் மளிகைக் கடைக்கு வெளியே, காய்கறிப் பெட்டிகள் அடுக்கியிருந்த சுவரோரமாக நின்று போன் போட்டான். மாலை மஃரிப் தொழுகை முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். இரண்டு தடவை அடித்து நின்றது. மூன்றாவது தடவை எடுத்தாள்.

"வடிவு, போன வச்சிட்டு ஓடுற வேலையெல்லாம் வேண்டாம். எனக்கு இங்க சீட்டுக் கிழியப் போவுது. வைத்தியர் எங்க இருக்காரு? நிசத்தச் சொல்லு."

அந்தப் பக்கம் மகன் எதையோ வாய்விட்டுப் படிப்பது மட்டும் கேட்டது.

"அவரு செத்துப் போயிட்டாருங்க."

"எப்ப?"

"நீங்க போன அடுத்த வாரமே."

நாகலிங்கம் சுவரில் சாய்ந்துகொண்டான். "அப்ப இன்னொரு மண்டலம், இன்னொரு மண்டலம்னு யாரு சொன்னது?"

"நாந்தான்" என்றாள். "முறிச்சு வைக்க ஆளில்லாமப் போச்சுங்க. முறிக்காம விட்டாக் கறுப்பாத் திரும்பும்னு அவரு ஒங்க கையப் புடிச்சுச் சொன்னப்ப நானும் பக்கத்துலதான நின்னேன். யாரப் போயி நான் கேக்குறது? விட்டுட்டாப் பயம், இருந்தாப் பயமில்லன்னு நெனச்சேன்."

பத்து மாதம் உப்பும் உறைப்பும் இல்லாமல் விழுங்கிய சோறு அத்தனையும் ஒரே ஆத்திரமாக அவனுக்குத் தொண்டைக்கு ஏறியது. சாரத்திலிருந்து விழ இருந்தது, ஜன்னலோரத்துத் தனி டம்ளர் எல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன. "கொல்லப் பாத்தியேடி என்னைய" என்றான். கடை வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "நீ அங்க கொழம்பும் கூட்டுமாத் தின்னுக்கிட்டு..."

"நானாங்க?" வடிவின் குரல் உடைந்தது. "நீங்க அங்க வெறுஞ்சோறு திங்கயில எனக்கு இங்க கொழம்பு எறங்குமா? நானும்தான் இருக்கேன்."

"என்னத்த இருக்க?"

"பத்தியம். நீங்க ஏரோப்ளேன் ஏறுன அன்னைலேருந்து. பயலுக்கு எல்லாம் ஆக்கிப் போடுறேன். எனக்குச் சோறும் பாலும்தான். ஒங்களுக்கு முறியிற அன்னைக்கு நானும் முறிச்சுக்கலாம்னு இருக்கேன்."

ஆத்திரம் வந்த வேகத்திலேயே இறங்கிவிட்டது. அது இருந்த இடத்தில் வேறொன்று வந்து நின்றது, அதை விசாரிக்கவே அவனுக்குப் பயமாக இருந்தது.

"வடிவு. பல்லு வெளக்கயில ரத்தம் வருதா?"

அவள் மகனை உள்ளே போய்ப் படிக்கச் சொன்னாள்.

"ஒன்னத்தான் கேக்குறேன்."

"ஒரு மாசமா."

"காலுல?"

"நீலமாக் கெடக்கு. போன வாரம் கொடத்தத் தூக்கயில முட்டி மடங்கி விழுந்துட்டேன். நீங்க அங்க கெடந்து பயப்படுவீகன்னு சொல்லல."

நாகலிங்கம் பக்கத்தில் கிடந்த காலிப் பெட்டியில் உட்கார்ந்தான். தன் வாயில் ரத்தம் வந்த நாளிலிருந்து தனக்காகத்தான் பயந்துகொண்டிருந்தான். இப்போது வந்த பயத்துக்கு முன்னால் அது ஒன்றுமேயில்லை. சனிக்கிழமையும் விசாவும் அவன் நினைவிலேயே இல்லை.

"வீட்ல என்ன இருக்கு?" என்று கேட்டான்.

"என்ன இருக்கும்?"

"காய், பழம். நெறமா எதாச்சும்."

"பயலுக்குக் கொய்யாப்பழம் வாங்கி வச்சிருக்கேன்."

"எடுத்துக் கடி."

"முறிக்காம எப்படிங்க..."

"நான் முறிச்சு வைக்கிறேன். வைத்தியர் இல்லைல்ல, நான் சொல்லுறேன். எடு."

பாத்திரம் நகரும் சத்தம் கேட்டது, பிறகு அவள் சொன்னாள். "நீங்க மொதல்ல. ஒங்களுக்குத்தான மொதல்ல வந்துச்சு."

நாகலிங்கம் எட்டி மூசாக்காவின் பெட்டியிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்தான். மூசாக்கா பார்த்தார், பார்க்காததுபோல் கல்லாப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு தோலை உரிக்க வரவில்லை. தோலோடு கடித்தான். சாறு ஈறில் பட்டதும் மிளகாயை அரைத்துப் பூசியதுபோல் எரிந்தது, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. கடித்த இடம் சிவந்திருந்தது. அவளுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகவே சத்தமாக மென்று விழுங்கினான்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

பிறகு அந்தப் பக்கம் பழத்தைக் கடிக்கிற சின்னச் சத்தம். அதைத் தொடர்ந்து மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம்.

"எரியுதுங்க."

"எரியும். எனக்கும் எரியுது. முழுங்கு" என்றான். "நாளைக்குக் காலைல பெரியாஸ்பத்திரிக்குப் போ. ஒம்போது மாசமா வெறுஞ்சோறுதான் தின்னேன்னு மறைக்காமச் சொல்லு."

அவள் அழத் தொடங்கினாள். நாகலிங்கம் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"அழுவாத. இன்னொரு கடி கடி" என்றான். "நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."